கோடாத கோடு

கடிதம் வந்த அன்று
மெர்ல் ஹேவர்காம்ப் லாரிக்கு அடியில் படுத்திருந்தார்,
பனி தள்ளும் பலகையின் தேய்ந்த விளிம்பைக் கழற்றிக்கொண்டு.
ஒன்பதாயிரம் விண்ணப்பங்களைக் கணினி குலுக்கியதாம்,
பதின்மூன்று பெயர் விழுந்ததாம்.
எந்தக் கட்சி என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதியிருந்தார்.
மனைவி சொன்னாள்:
லாட்டரியில் ஒருநாளும் விழாத பெயர்.

பழைய வரைபடத்தைச் சுவரில் ஒளியாய் விரித்தார்கள்.
நாலாம் தொகுதி
அவசரத்தில் கழற்றி எறிந்த காலுறை போலக் கிடந்தது.
குதிகால் சர்க்கரை ஆலையில்.
விரல்நுனி எழுபது மைல் தள்ளி ஒரு கோல்ஃப் மைதானத்தில்.
நடுவே நெடுஞ்சாலை அகலத்துக்கு ஒரு கழுத்து,
அங்கே குடியிருப்பவை மான்கள்.
யார் வரைந்தது என்று எவரும் கேட்கவில்லை.
வரைந்தவர்கள்
பத்து வருடமாக அதில் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதும் மொழியில்
கோடு என்றால் இழுத்த வரி.
கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல்.
இரண்டும் எப்படி ஒரே சொல்லில் குடிவந்தன என்று
அந்தக் காலுறையைப் பார்க்கும்வரை
எனக்கு விளங்கவில்லை.

நடுநிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே மைக்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
முடிதிருத்தும் முதஹ்ஹர் சொன்னார்:
எங்கள் ஒரே தெருவுக்கு மூன்று உறுப்பினர்கள்.
சாக்கடை பொங்கினால் மூவரையும் கூப்பிடுவேன்.
மூவரும் சொல்வார்கள், அது அடுத்தவர் பக்கம்.
கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
டெல்ஃபீன் ஏக்கர்ஸ் மைக்கைத் தாழ்த்திக்கொண்டாள்:
என் மகனைச் சிறை இருக்கும் ஊரின்
தலைக்கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்.
அங்கே அவனுக்கு ஓட்டில்லை.
இங்கே அவன் கணக்கிலேயே இல்லை.
அப்படியானால் அவன்
பச்சை விளக்கு சிவப்பானது.

'எங்களை வெட்ட நீங்கள் யார்?' என்று கத்திய ஒருவர்
நாற்காலியை மடித்து
ஒழுங்காகச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

பதினோராவது கூட்டம். இருநூற்றுச் சொச்சம் பேர் உபரி.
ஆலோசகர் சுட்டியை அசைத்து
ஆற்றின் இரண்டு கரைகளையும் ஒட்டவைத்தார்.
எண் பொருந்தியது. வண்ணம் பொருந்தியது.
தொடர்ச்சி இருக்கிறது, என்றார், இதோ பாலம்.

அதுவரை வாய் திறக்காத மெர்ல்
தொண்டையைச் செருமினார்.
அந்தப் பாலம் இல்லை.
இல்லையென்றால்?
வெள்ளம் கொண்டுபோய் நாலு வருடம்.
நான் அங்கேதான் லாரியைத் திருப்புகிறேன்.

இரு கட்சிக்காரர்களும் அன்றுதான் முதன்முறையாக
ஒரே திசையில் பார்த்தார்கள்,
நீல மையால் நீரைக் கடந்திருந்த
அந்த அரை அங்குலத்தை.

இரவு ஒன்றரைக்குக் கோட்டைக் கலைத்தார்கள்.
அது மேற்கே நகர்ந்தது,
எவரும் எண்ணத் தேவையில்லாத கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி,
டெல்ஃபீனின் தெருவை முழுசாக விட்டுவைத்து,
மெர்லின் தெருவுக்குள் புகுந்தது.
அவர் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே நின்றது.
மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று
தானாகவே தொலைபேசியில் விசாரித்த ஒரே அரசியல்வாதி
எதிர்வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.
உங்கள் வாக்கு, திரு. ஹேவர்காம்ப்?
ஆம், என்றார்.
மைக் அணைந்திருந்தது. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

எட்டுக்கு ஐந்து.
மறுவாரமே இரண்டு கட்சிகளும் வழக்குப் போட்டன.
ஏதோ சரியாகத்தான் செய்திருக்கிறோம் போல,
என்றார் ஒருவர். வேறொருவர்
அப்படி ஒன்றும் நிச்சயமில்லை என்றார்.
டெல்ஃபீனின் மகன் இன்னும் அந்த ஊர்க் கணக்கில்தான்.
அதை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

ஜனவரி, விடிகாலை நாலு மணி.
பலகை இரண்டு தொகுதிப் பனியையும் சேர்த்தே வழிக்கிறது,
தபால்பெட்டி அருகே ஒருமுறைகூட உயராமல்.
ஊரின் மறுகோடியில் ஒரு சாக்கடை பொங்குகிறது.
முதஹ்ஹரிடம் இப்போது ஒரே எண்தான்.
கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அழுத்துகிறார்.
மணி அடிக்கிறது.
அடித்துக்கொண்டிருக்கிறது.